அடித்த கோடும் எடுத்த படியும்

(புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே மேடையில் குறுந்தொகை பேசினார்கள். இந்த மாத அழைப்பிதழில் "கணினியில் மெயில் பெட்டியைக் காலி செய்வது எப்படி" என்று அச்சாகியிருக்கிறது. குறுந்தொகைக்கு வந்ததைவிட இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் கணினி படித்தவன் அல்ல. முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கணக்கில் ஒரு தொகை எங்கே போனது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் குணத்தால்தான் இந்த விஷயத்துக்குள் வந்து விழுந்தேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் உறவுமுறை மாமா ஒருவர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. தங்கை குடும்பம் பாரிஸ் பக்கம், மகன் ரெயூனியன் தீவில். ஆண்டுக்கு ஒருமுறை, தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்றிதழ் வாங்கி அனுப்பினால்தான் பென்ஷன் வரும். அதை ஸ்கேன் செய்வார், மெயிலில் அனுப்புவார், அனுப்பியதற்கு ஒரு நகல் தனக்கே அனுப்பிக்கொள்வார். ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, நாலாயிரம் மெயில் அழிச்சுட்டேன். ரெண்டு நாள் உட்கார்ந்து அழிச்சேன். டிஸ்க் இன்னும் சிவப்பாவே நிக்குது. கம்ப்யூட்டர் என்னை ஏமாத்துதா?"

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஏமாற்றவில்லை. அழிப்பது என்று அவர் நினைத்த காரியமும், கம்ப்யூட்டர் செய்த காரியமும் வேறு வேறாக இருந்தன. அந்த வித்தியாசம்தான் இன்றைய பேச்சு. அதைச் சொல்ல உங்களை இங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் செயின்ட் லூயி வீதிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அங்கே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-இல் தொடங்கியது. அங்கும், தூர கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் நம் ஊர்க் கிளையிலும் சுமார் 11,000 சுவடிகள், பெரும்பாலும் ஓலையில் எழுதியவை, இருக்கின்றன. பெரும்பாலும் சைவ ஆகமங்கள், அதிகமும் கிரந்த எழுத்தில் எழுதியவை. 2005-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலையில் எழுதுவது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மை ஊற்றி எழுதுவதில்லை, எழுத்தாணியால் கீறுவது. கீறிய பிறகு கரி தடவினால் எழுத்து கறுப்பாக எழும்பும். கீறியது கீறியதுதான். ரப்பர் போட்டு அழிக்க முடியாது. தவறாக ஒரு சொல் விழுந்துவிட்டால், அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதிப் போவார்கள். படிப்பவர் அடித்த சொல்லைத் தாண்டிப் போவார். ஆனால் ஓலையில் அந்தச் சொல் பிடித்த இடம் பிடித்த இடமாகவே இருக்கும்.

அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான சுவடி வேண்டுமானால் என்ன செய்வார்கள்? புது ஓலை எடுத்து, பழையதைப் பார்த்து, அடித்ததை விட்டுவிட்டு, மிச்சத்தைப் பெயர்த்து எழுதுவார்கள். படி எடுத்தல் என்று பெயர். படி எடுத்து முடித்த பிறகுதான் பழைய கட்டுக்கு விடை கொடுக்கலாம்.

மாமாவின் கணினியில் இருந்தது தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த, காசு கொடுக்க வேண்டாத மெயில் மென்பொருள். இன்பாக்ஸ் என்று அது திரையில் காட்டுவது வட்டில் ஒரே ஒரு கோப்பு. ஐயாயிரம் கடிதம் வந்தால் ஐயாயிரமும் ஒன்றன் பின் ஒன்றாக அந்த ஒரே கோப்பில் ஒட்டிக்கொண்டே போகும். எம்பாக்ஸ் என்பது அந்த முறையின் பெயர்; 1970-களின் யூனிக்ஸ் காலத்து ஏற்பாடு. ஒரே கயிற்றில் கோத்த சுவடிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒரு கடிதத்தை நீங்கள் நீக்கினால், அதை அங்கிருந்து உருவி எடுக்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையையும் முன்னால் நகர்த்தி எழுத வேண்டும். ஐந்து ஜிபி கோப்பில் ஒவ்வொரு டெலிட்டுக்கும் அப்படிச் செய்தால் கணினி படுத்துவிடும். அதனால் அது ஓலை எழுதியவர் செய்ததையே செய்கிறது: கோடு போட்டு அடிக்கிறது. இது உவமைக்குச் சொல்வது இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அது ஒரு நான்கு இலக்க எண்ணை எழுதி வைத்திருக்கிறது. 0001 என்றால் படித்த கடிதம். 0009 என்றால் படித்தது, நீக்கியது. டெலிட் பொத்தானை அழுத்தினால் கடிதத்தில் மாறுவது அந்த ஓர் இலக்கம் மட்டும். கடிதம் அதே இடத்தில் கிடக்கிறது. திரையில் காட்டாது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேடிக்கை. அடிப்பதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை டிராஷ் என்கிற குப்பைத் தொட்டிக்கு ஒரு படி எடுத்து வைக்கிறது. ஆக, 10 எம்பி கடிதம் ஒன்றை நீக்கினால், இன்பாக்ஸ் கோப்பில் அடித்த நிலையில் 10 எம்பி, தொட்டிக் கோப்பில் 10 எம்பி. நீக்கியதால் இடம் குறையவில்லை, இரண்டு மடங்காகியிருக்கிறது! மாமா இரண்டு நாள் உட்கார்ந்து நாலாயிரம் கடிதத்தை அழித்து வட்டை மேலும் நிரப்பிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொன்னபோது அவர் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். இந்த அவையில் அதைச் சொல்ல மாட்டேன்.

தொட்டியைக் காலி செய்தால் தொட்டியின் பங்கு போகும். இன்பாக்ஸ் பங்கு போக, படி எடுக்க வேண்டும். தண்டர்பேர்டில் அதற்கு கம்பாக்ட் என்று பெயர். ஃபோல்டர் பெயரின்மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தினால் அந்தச் சொல் வரும். எல்லா ஃபோல்டரையும் ஒரே தடவையில் செய்ய, மேலே ஃபைல் என்கிற பட்டியலில் இருக்கிறது. அழுத்தினால், புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, அடிக்காத கடிதங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அதில் எழுதி, எழுதி முடித்த பிறகு பழையதைத் தள்ளிவிட்டு புதியதற்கு இன்பாக்ஸ் என்று பெயர் சூட்டுகிறது. மாமா வீட்டில் 19 ஜிபி இன்பாக்ஸ் 7 ஜிபி ஆனது. அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அத்தை இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. படி எடுக்கப் புது ஓலை வேண்டும். வட்டு முழுக்க நிரம்பிவிட்ட பிறகு கம்பாக்ட் செய்யப் போனால், படி எழுத இடம் இல்லாமல் அது பாதியில் நிற்கும். அதனால் முதலில் வேறு எதையாவது, ஒரு பழைய சினிமாவையோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் எதையோ, ஒரு பென் டிரைவுக்கு நகர்த்தி இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். பெரிய ஃபோல்டரை விட்டுவிட்டு முதலில் சின்ன ஃபோல்டர்களைக் கம்பாக்ட் செய்வதும் ஒரு வழி.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு பெரிய ஃபோல்டரைக் கம்பாக்ட் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. திரும்ப வந்து பார்த்தால் கடிதங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் வட்டில் இருந்த இடம் இன்னும் குறைந்திருந்தது! தேடினால், பாதி எழுதிய படி, என்எஸ்டிஎம்பி என்ற பெயரில், ஆறு ஜிபி கனத்தில் அநாதையாகக் கிடந்தது. பழைய கட்டை அது படி முடிந்த பிறகுதான் தள்ளும் என்பதால் கடிதம் பிழைத்தது. பாதிப் படியை எடுத்துப் போட யாரும் இல்லாததால் இடம் போனது. தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தப் பெயரில் ஏதாவது கிடந்தால் நீக்கிவிடலாம். கையோடு ஒரு யுபிஎஸ் வைத்திருந்தால் இந்த வேலையே வராது.

தண்டர்பேர்டு இதை நமக்குச் சொல்லாமல் இல்லை. இவ்வளவு இடம் மிச்சமாகும், படி எடுக்கட்டுமா என்று அவ்வப்போது ஒரு கேள்வி காட்டும். இப்போதைய பதிப்புகளில் 200 எம்பி மிச்சமாகும் என்ற அளவு வந்தால் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். நாம்தான் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தால் படிக்காமல் கேன்சல் அழுத்துகிறோம். மாமா அந்தப் பெட்டியைப் பல வருஷமாக விரட்டிக்கொண்டிருந்தாராம். "ஏதோ காசு கேக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அலுவலகங்களில் இருக்கும் அவுட்லுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கோப்பின் பெயர் பிஎஸ்டி. எல்லா ஃபோல்டரும், நாட்காட்டியும், முகவரியும் ஒரே கோப்பில். கடிதத்தை நீக்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், கோப்பு சுருங்காது; டேட்டா ஃபைல் அமைப்புக்குள் போய் கம்பாக்ட் நவ் என்பதை அழுத்த வேண்டும். 2003-க்கு முந்தைய அவுட்லுக்கில் பிஎஸ்டிக்கு 2 ஜிபிதான் எல்லை. அந்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்காமல் கோப்பு உடைந்து, திறக்கவே மறுத்துவிடும். அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? கோப்பின் வாலை 2 ஜிபிக்குக் கீழே வெட்டிவிடும் ஒரு கருவி. வெட்டிய பகுதியில் எது இருந்ததோ அது போயிற்று. பிறகு 20 ஜிபி என்றார்கள், 2010-இல் 50 ஜிபி என்றார்கள்.

சரி, அடித்ததைப் படி எடுத்து விலக்கியாயிற்று. மிச்சம் இருக்கும் 7 ஜிபி எங்கிருந்து வந்தது? மாமா கடிதம் நிறைய எழுதுகிறவர்தான். ஆனால் எழுத்துக்கு எவ்வளவு கனம் என்று பார்ப்போம். அவரைவிட நிறைய எழுதிய ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார்.

ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும் வரை, இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கவர்னர் மனைவி என்ன சொன்னார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று எல்லாம் எழுதினார். அவர் இறந்து சில நாளில், ஜனவரி 16-ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய், பிறகு தரைமட்டமானது. அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது.

இப்போது ஒரு கணக்குப்பிள்ளைக் கணக்கு. தொகுதிக்கு 450 பக்கம் என்று வையுங்கள். 12 தொகுதிக்கு 5,400 பக்கம். தமிழில் பக்கத்துக்கு 1,500 குறியீடு என்று வையுங்கள். யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். பெருக்கினால் சுமார் 24 எம்பி. ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்பி வரை இணைத்து அனுப்பலாம். பிள்ளை காலத்துப் புதுச்சேரியின் இருபத்தைந்து வருஷமும், கப்பல், சண்டை, வழக்கு, வம்பு அத்தனையோடும், ஒரே மெயிலில் அடங்கிவிடும். மாமாவின் தங்கை பேரன் பிறந்தநாளுக்கு அனுப்பிய ஆறு போட்டோ 31 எம்பி இருந்தது. இரண்டு மெயிலாக அனுப்பியிருந்தார்கள்.

எழுத்து கனக்காது. கூட வருகிற போட்டோவும் ஸ்கேனும்தான் கனக்கும். மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்றதும் நாம் கை வைப்பது கடிதங்களில். பழைய கடிதம் ஆயிரம் அழித்தாலும் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு ஈடாகாது. இதற்காகத்தான் முக்கியமாக இந்த மேடைக்கு வந்தேன்: கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், உடன் வந்த பொதியை இறக்குங்கள்.

அட்டாச்மென்ட் வட்டில் அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும், அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆதியில் மெயில் என்பது வெறும் ஆங்கில எழுத்தைக் கொண்டுபோக மட்டுமே உண்டானது. படத்தையும் ஒலியையும் அதில் ஏற்ற வழி கண்டவர்கள் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய கடிதத்தில், அவர் தன் நண்பர் மூவரோடு சேர்ந்து பாடும் போட்டோவும், அவர்கள் பாட்டும் இருந்தன. பாட்டைக் கேட்டவர்கள் பெரிதாகப் புகழவில்லை. முறை மட்டும் நிலைத்துவிட்டது. அந்த முறையில் படத்தின் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றி, வரிவரியாக வெட்டி அனுப்புகிறார்கள். வரி உடைப்பையும் சேர்த்தால் 100-க்குக் கிட்டத்தட்ட 137 ஆகிறது. தண்டர்பேர்டு அதை மாற்றி வைக்காமல், வந்த எழுத்து வடிவத்திலேயே சேமிக்கிறது. ஒரு 10 எம்பி படம் உங்கள் வட்டில் 13.7 எம்பி.

இடையில் ஒரு தமிழ்ச் செய்தி. நம் மொழிக்கும் இந்தத் தண்டனை உண்டு. தமிழ் என்ற சொல்லில் குறியீடு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் 15 பைட். மேற்சொன்ன முறையில் கட்டினால் 20. இன்னொரு முறை இருக்கிறது, ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்தாக விரிப்பது. அதில் கட்டினால் 45. அதனால்தான் சில தமிழ்க் கடிதம் ஆங்கிலக் கடிதத்தைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். இருந்தாலும் பேசுவது பைட் கணக்கில். எம்பி கணக்கில் அல்ல. தமிழில் எழுதுவதை இதற்காக யாரும் நிறுத்திவிட வேண்டாம்!

இன்னொரு காரணம், ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு. ஜிமெயிலில் ஆல் மெயில் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. உங்கள் இன்பாக்ஸில் இருக்கும் ஒவ்வொரு கடிதமும் அதிலும் தோன்றும். கூகுளின் வீட்டில் அது ஒரே கடிதம், இரண்டு பெயர்ப்பலகை. உங்கள் கணினிக்கு வரும்போது அது இரண்டு தடவை இறங்கிவிடக் கூடும். இரண்டு ஃபோல்டர் என்றால் இரண்டு கோப்பு, இரண்டு படி. கணக்குப் போடுங்கள்: ஐந்து எம்பி வீதம் 800 போட்டோ, 4 ஜிபி. எழுத்தாக மாறினால் ஐந்தரை. ஆல் மெயிலையும் சேர்த்தால் 11 ஜிபி. மாமா வீட்டு ரகசியம் பாதி இதுதான். ஜிமெயிலின் அமைப்புப் பக்கத்தில், ஃபோல்டர்களின் பட்டியலில், ஆல் மெயிலை ஐமேப்பில் காட்டு என்ற குறியை எடுத்துவிட்டால் அது கணினிக்கு வராது.

ஐமேப், பாப் என்ற இரண்டு சொல்லை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் செய்தால் கண்ணீர்தான். பாப் என்பது தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. கடிதம் உங்கள் வீட்டில், உங்கள் இஷ்டம். ஐமேப் என்பது கண்ணாடி. கடிதம் இருப்பது கூகுளிடமோ வேறு யாரிடமோ. நீங்கள் பார்ப்பது பிம்பம். பிம்பத்தைக் கிழித்தால் அங்கேயும் கிழியும். கணினியில் இடம் வேண்டும் என்று ஐமேப் கணக்கில் டெலிட் செய்தால் அது போனிலிருந்தும் போகும், கூகுளிலிருந்தும் போகும். குருசுக்குப்பத்தில் ஓர் அம்மா மடிக்கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறந்துபோன கணவரின் கடிதங்களை எல்லா இடத்திலிருந்தும் துடைத்துவிட்டார்கள். தொட்டியில் முப்பது நாள் இருக்கும் என்பது ஒருவர் சொல்லித் தெரிந்தது. இருபத்தெட்டாவது நாளில் எடுத்துக் கொடுத்தோம்.

ஐமேப் கணக்கில் கடிதத்தை அழிக்காமலே இடம் மீட்கலாம். கணக்கு அமைப்பில் ஒத்திசைவும் சேமிப்பும் என்ற பக்கம் இருக்கிறது. இந்தக் கணினியில் கடிதங்களை வைத்திரு என்ற குறியை எடுத்துவிடலாம். அல்லது கடைசி 90 நாள் மட்டும் போதும் என்று சொல்லலாம். இத்தனை கேபிக்கு மேல் உள்ளதை இறக்காதே என்றும் சொல்லலாம். கடிதம் அங்கே பத்திரமாக இருக்கும், திறந்தால் அப்போது வரும். சொன்ன பிறகு ஒரு தடவை கம்பாக்ட் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மறந்தால் கோடு போட்டதோடு நின்றுவிடும், மறுபடி மாமா கதைதான்.

பொதியை இறக்கும் வேலைக்கு வருகிறேன். கடிதப் பட்டியலின் தலைப்பில், வலது ஓரத்துச் சின்னப் படத்தை அழுத்தி, சைஸ் என்ற பத்தியைக் கொண்டுவாருங்கள். அதன் தலையில் அழுத்தினால் கனமானவை மேலே வந்து நிற்கும். மேலே இருக்கும் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். கனம் அதிகம் சேர்ந்திருப்பது அங்கேதான். ஒவ்வொன்றிலும் கீழே இருக்கும் அட்டாச்மென்ட்மேல் வலது பொத்தானை அழுத்தினால் டிடாச் என்று வரும். படத்தை நீங்கள் சொல்லும் ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டு, கடிதத்தில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பை விட்டுவிடும். கடிதம் கடிதமாகவே இருக்கும், தங்கை எழுதிய நாலு வரி அப்படியே இருக்கும். டெலிட் என்றால் குறிப்பு மட்டும் மிஞ்சும், படம் போய்விடும். எதை அழுத்துகிறோம் என்று ஒரு தடவை பார்த்து அழுத்துங்கள்.

மாமாவின் ஸ்கேன்களில் ஒரு சான்றிதழ் 18 எம்பி இருந்தது. ஒரே பக்கம், கறுப்பு வெள்ளை. ஸ்கேனரை வண்ணத்தில், அங்குலத்துக்கு 600 புள்ளியில் வைத்திருந்தார். அப்படியே படமாகச் சேமித்திருந்தார். 200 புள்ளியில், சாம்பல் நிறத்தில், பிடிஎஃப்பாக எடுத்தால் அரை எம்பிகூட வராது, பிரெஞ்சு கன்சுலேட்டில் படிக்கவும் முடியும். ஒவ்வொரு வருஷமும் எடுத்த சான்றிதழ், தனக்கு அனுப்பிய நகல், அனுப்பிய ஃபோல்டரில் ஒரு நகல், ஆல் மெயிலில் ஒரு நகல். அவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அந்த வட்டில் எத்தனை சாட்சி!

அழிக்கும் முன்னால் ஒரு விஷயம். 1990-களின் கடைசியில், 2000-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுத் தமிழர்களோடு கடிதம் எழுதியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அப்போது யூனிகோடு பரவலாக இல்லை. டிஸ்கி என்றும் டாப் என்றும் குறியீடுகள் இருந்தன. இன்றைக்கு அந்தக் கடிதத்தைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்தில் கிறுக்கியதுபோல் இருக்கும். கெட்டுப்போனது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அது கெடவில்லை, உள்ளே தமிழ்தான். சுரதா என்பவரின் பொங்குதமிழ் என்ற இணைய மாற்றியில் ஒட்டினால் கண்முன்னால் தமிழாக வரும். என் நண்பர் ஒருவர் இப்படித் தன் அப்பாவின் முதல் மெயிலை மீட்டார்; அதில் இருந்தது மின்கட்டணம் எவ்வளவு என்ற ஒரு வரி.

உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம் படித்தவர்களுக்குக் கரிவலம்வந்தநல்லூர் நினைவிருக்கும். சுவடி தேடி அந்தக் கோயிலுக்குப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம், அப்படிச் செய்யச் சாத்திரம் இருக்கிறது என்கிறார்கள். சாத்திரம் இருந்ததோ இல்லையோ, அதற்கு முன்னால் யாரும் படி எடுக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பிழைத்ததற்குக் காரணம் அதற்கு நேர்மாறு. 1846-இல் கலுவா மொம்ப்ரூன் என்பவர் அதைக் கண்டெடுத்தார். படி எடுக்க ஏற்பாடு நடந்தது. எதுவார் ஆரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி, தமிழ் கற்றவர், தனக்கு ஒரு படி எடுத்தார். அது பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியும் இடையிடையே சில காலத்துக் குறிப்புகள் கிடைக்கவே இல்லை.

கம்பாக்ட் செய்வதற்கு முன்னால் படி எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இவ்வளவு பெரிய துணை தேவையில்லை. தண்டர்பேர்டில் உதவிப் பட்டியலில் பிரச்சினை தீர்வுத் தகவல் என்ற பக்கம் இருக்கும். அதில் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திற என்று ஒரு பொத்தான். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். மூடாமல் எடுத்தால் படி பழுதாகலாம். எம்பாக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறு மெயில் மென்பொருளில் திறந்து படிக்கலாம். ஸ்டீவ் டோர்னர் 1988-இல் எழுதிய யூடோரா இன்றைக்கு வழக்கில் இல்லை. அதில் வந்த கடிதங்கள் அதே வகைக் கோப்பில் இருந்ததால் இன்றைக்கும் திறக்கின்றன.

நகலை எங்கே வைப்பது? 2014 நவம்பர் 29 அன்று கடற்கரையில் நம் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று எத்தனை வீட்டில் சிபியு தரையில் இருந்தது, தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நண்பர் நகல் டிஸ்கை அதே சிபியுவின் மேல் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றாக நனைந்தன. வேறு தெருவில், வேறு வீட்டில், முடிந்தால் மாடியில்.

இன்னொரு எச்சரிக்கை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று, பெயர் வேண்டாம், என் இன்பாக்ஸில் ஒரு கடிதத்தில் வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்து, இன்பாக்ஸ் முழுவதையும் சிறையில் போட்டது. அதன் கண்ணுக்கு அது ஒரே கோப்பு. ஒரு கடிதத்தைத் தனியாகப் பிடிக்கத் தெரியாது. ப்ரொஃபைல் ஃபோல்டரைத் தொடாதே என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் என்ற முறை இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை, கம்பாக்ட்டும் தேவையில்லை. ஆனால் தண்டர்பேர்டில் அது இன்னும் முழு நம்பிக்கைக்கு வரவில்லை என்பது என் எண்ணம். நான் கட்டுச் சுவடியிலேயே இருக்கிறேன்.

மாமாவின் கணக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். தொடங்கும்போது மெயில் மட்டும் 38 ஜிபி. தொட்டி காலி, கம்பாக்ட், ஆல் மெயில் நிறுத்தம், கனமான கடிதங்களிலிருந்து பொதி இறக்கம், மறுபடி கம்பாக்ட். 4 ஜிபி. வேண்டிய ஒரு கடிதமும் போகவில்லை. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து அடித்த நாலாயிரத்தில் தங்கையின் பழைய கடிதங்களும் இருந்தன. அவற்றைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்து உரிய இடத்தில் வைத்த பிறகுதான் காலி செய்தோம். எல்லாம் சேர்ந்து 11 எம்பி.

மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம், இப்போதே செய்து பார்ப்போம். இணையம் தேவையில்லை. ஆனால் கம்பாக்ட் பாதியில் பேட்டரி தீரக் கூடாது. இந்த மண்டபத்தில் பிளக் இரண்டுதான் இருக்கிறது, ஒன்றில் இந்த மைக் சொருகியிருக்கிறது. மைக்கைப் பிடுங்கிவிடச் சொல்கிறேன்.